எமுலேட்டரில் விண்டோஸ் 98, இணைய இணைப்போடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பை 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் (பழைய கணினி ஒன்றை அப்படியே மென்பொருளில் உருவாக்கிக் காட்டும் நிரல்) நிறுவி, அதற்கு இணைய இணைப்பும் கொடுக்க விரும்புபவர்களுக்கான பக்கம் இது. நிறுவுவதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. நெட்வொர்க் என்று வரும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம்.

இந்தக் காலத்தில் விண்டோஸ் 98 எதற்கு?

இதன் முதல் பதிப்பு 1998 ஜூன் 25 அன்று வெளிவந்தது. 2006 ஜூலை 11-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அன்றாட வேலைக்கு யாரும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தின் விளையாட்டுகளும் கல்விக் குறுந்தகடுகளும் இதில்தான் முழுதாக ஓடும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான இன்றைய பொதுக் குறியாக்கம்) பரவும் முன் தமிழில் செய்யப்பட்ட வலைப்பக்கங்கள். அவை இந்த உலாவிகளையும் அந்தக் கால எழுத்துருக்களையும் நம்பி எழுதப்பட்டவை. இன்றைய உலாவியில் திறந்தால் பெரும்பாலானவை குறிகளின் குவியலாகத்தான் தெரியும். கீழே ஒரு கேள்வியில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் கையில் இருக்கும்போது 86பாக்ஸ் ஏன்?

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்றவை உங்கள் கணினியின் உண்மையான செயலியையே விண்டோஸ் 98-க்குக் கொடுக்கின்றன. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 98-இன் முதல் பதிப்பில் நெட்வொர்க் பகுதி தொடக்கத்தில் செயலியின் வேகத்தை அளக்கும். சுமார் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அந்தக் கணக்கு பூஜ்யத்தால் வகுப்பதில் முடிந்து, விண்டோஸ் ஏறாமலே நின்றுவிடும். இரண்டாம் பதிப்பில் இது இல்லை. ஆனால் நினைவகப் பக்க அட்டவணையை மாற்றிவிட்டு, செயலி வைத்திருக்கும் பழைய பிரதியைச் சரியாக அழிக்காமல் விடும் குறை ஒன்று விண்டோஸ் 95, 98 அடங்கிய 9எக்ஸ் வரிசை முழுக்க உண்டு. பழைய செயலிகளில் அது வெளியே தெரியவில்லை. அண்மைக் கால ஏஎம்டி, இன்டெல் செயலிகளில் பிழைச் செய்திகளாகக் கொட்டுகிறது. பேட்சர்9எக்ஸ் என்ற திருத்தம் கிடைக்கிறது, அதைப் போட்டால் ஓடும்.

86பாக்ஸ் பழைய செயலியையே மென்பொருளில் உருவாக்குவதால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மதர்போர்டு, வரைகலை அட்டை, ஒலி அட்டை எல்லாம் அந்தக் காலத்து மாடல்களாகவே கிடைக்கும். விலை என்னவென்றால் வேகம்: உங்கள் கணினியின் ஒரு கோர் நல்ல வலுவாக இருக்க வேண்டும்.

எப்படிப்பட்ட கணினியை அமைக்கலாம்?

பென்டியம் எம்எம்எக்ஸ் 166 அல்லது 200, 64 எம்பி ராம், எஸ்3 வரைகலை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் 16, 2 முதல் 4 ஜிபி வரை ஹார்டு டிஸ்க். இது போதும். 86பாக்ஸின் சாளரத் தலைப்பில் ஒரு சதவீத எண் ஓடிக்கொண்டிருக்கும். அது 100-இல் நிற்க வேண்டும். 80, 70 என்று இறங்கினால் ஒலி விட்டுவிட்டு வரும், நெட்வொர்க்கும் தடுமாறும். அப்போது செயலியை ஒரு படி கீழே மாற்றுங்கள். பென்டியம் 2 வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

ராமை அள்ளிக் கொடுக்க வேண்டாம். 512 எம்பி-யைத் தாண்டினால் விண்டோஸ் 98-இன் டிஸ்க் தற்காலிக நினைவகம் முகவரி இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டு 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லும்.

எந்த நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுப்பது?

ரியல்டெக் ஆர்டிஎல்8029ஏஎஸ். இது பிசிஐ என்ற புதிய வகை இணைப்பில் செருகும் கார்டு, இதற்கான டிரைவர் விண்டோஸ் 98 குறுந்தகட்டிலேயே இருக்கிறது. விண்டோஸ் ஏறும்போது தானே கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும். பலரும் பெயர் தெரிந்த என்இ2000-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஐஎஸ்ஏ என்ற பழைய வகைக் கார்டு. முகவரி, ஐஆர்க்யூ (செயலியை அழைக்கும் எண்) இரண்டையும் எமுலேட்டரிலும் விண்டோஸிலும் ஒரே மாதிரி கையால் கொடுக்க வேண்டும். டாஸ், விண்டோஸ் 3.1-க்கு அது சரி. 98-க்கு அந்த வேலை தேவையே இல்லை.

இன்னொன்று: நெட்வொர்க் அமைப்பில் எதைத் தொட்டாலும் விண்டோஸ் 98 குறுந்தகட்டைக் கேட்கும், பிறகு மறுதொடக்கம் கேட்கும். நிறுவும் முன்பே குறுந்தகட்டில் உள்ள 'வின்98' கோப்புறையை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அங்கிருந்தே நிறுவுங்கள். அதன்பின் குறுந்தகடு கேட்பது நின்றுவிடும். மறுதொடக்கத்துக்கு மட்டும் மாற்று கிடையாது.

86பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் ஸ்லிர்ப், பிகேப் என்று இரண்டு முறைகள் இருக்கின்றனவே, எது?

ஸ்லிர்ப். தெளிவான காரணம் இல்லாமல் மற்றதைத் தொட வேண்டாம்.

ஸ்லிர்ப் முறையில் எமுலேட்டருக்குள்ளேயே ஒரு சின்ன ரூட்டர் இருக்கிறது. விண்டோஸ் 98 அனுப்பும் பாக்கெட்டுகளை அது பிரித்துப் பார்த்து, உங்கள் கணினியில் ஓடும் ஒரு சாதாரண நிரலாகவே வெளியுலகுக்கு இணைப்பு எடுக்கிறது. நிர்வாகி அனுமதி வேண்டாம், வைஃபை ஆனாலும் கவலையில்லை, வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழையவும் முடியாது.

இதன் பின்னணி எனக்கு மிகவும் பிடித்தது. டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் 1995-இல் ஸ்லிர்ப்பை எழுதியது எமுலேட்டருக்காக இல்லை. அப்போது பலரிடம் இருந்தது ஷெல் கணக்கு: மோடத்தில் அழைத்தால் யூனிக்ஸ் கணினி ஒன்றின் எழுத்துத் திரை மட்டும் வரும், படங்களோடு வலைப்பக்கம் பார்க்க முடியாது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோதும் இந்த வகைக் கணக்குகள் இருந்தன. ஸ்லிர்ப்பை அந்த யூனிக்ஸ் கணினியில் ஓடவிட்டால், எழுத்துத் திரைக்கான அதே இணைப்பு முழு இணைய இணைப்பாக மாறிவிடும். பிறகு அந்த நிரலை க்யூஎமு என்ற எமுலேட்டர் எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் எடுத்துக்கொண்டது, 86பாக்ஸும் எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 98-ஐ இன்று இணையத்தில் சேர்த்துவைப்பது அதன் காலத்திலேயே எழுதப்பட்ட நிரல்தான்.

பிகேப் முறை வேறு. எமுலேட்டரின் கார்டு உங்கள் உண்மையான கார்டு வழியாக வீட்டு நெட்வொர்க்கில் தனிக் கணினியாகவே தோன்றும். இதற்கு உங்கள் கணினியில் என்பிகேப் போன்ற கூடுதல் மென்பொருள் தேவை. வைஃபையில் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் தன்னுடையது அல்லாத மேக் முகவரியோடு (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண்) வரும் பாக்கெட்டுகளை வைஃபை கார்டுகளும் ரூட்டர்களும் பொதுவாக ஏற்பதில்லை. கேபிள் இணைப்பு இருந்தால் முயன்று பார்க்கலாம்.

இணைப்பு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டார்ட், ரன் போய் 'வின்ஐபிசிஎஃப்ஜி' என்ற நிரலை அதன் ஆங்கிலப் பெயரில் தட்டச்சு செய்யுங்கள். சாம்பல் நிறத்தில் சின்னச் சாளரம் ஒன்று திறக்கும். மேலே உள்ள பட்டியலில் முதலில் டயல்-அப்புக்கான பிபிபி அடாப்டர்தான் தெரியும். அதைப் பார்த்து 'எல்லாமே பூஜ்யமாக இருக்கிறதே' என்று பயப்பட வேண்டாம். பட்டியலை இறக்கி ரியல்டெக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஐபி முகவரி 10.0.2.15, கேட்வே 10.0.2.2 என்று வந்திருந்தால் வேலை முடிந்தது. தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் 10.0.2.3.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி-யிடமிருந்து பதில் கிடைக்காமல் விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 86பாக்ஸ் அமைப்பில் ஸ்லிர்ப் தேர்வாகியிருக்கிறதா, 'நல்' (இணைப்பு எதுவும் இல்லை) என்றே விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். சரிசெய்த பிறகு அதே சாளரத்தில் 'ரிலீஸ்', அப்புறம் 'ரினியூ'.

முகவரி வந்துவிட்டது, ஆனால் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லையே?

10.0.2.2-க்குப் போட்டுப் பாருங்கள், பதில் வரும். வெளியே உள்ள முகவரிகளுக்குப் பெரும்பாலும் வராது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி பாக்கெட்டுகளை சாதாரண நிரல் ஒன்று அனுப்ப இயங்குதளங்கள் எளிதில் விடுவதில்லை, ஸ்லிர்ப்போ சாதாரண நிரல். எனவே பிங் போகாததை வைத்து இணைப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

எல்லாம் சரி, எந்தத் தளத்தைத் தட்டினாலும் 'பக்கத்தைக் காட்ட இயலவில்லை' என்கிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. இன்றைய தளங்கள் ஏறக்குறைய எல்லாமே மறையாக்கப்பட்ட இணைப்பைக் கட்டாயமாக்கிவிட்டன. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-க்குத் தெரிந்ததெல்லாம் பழைய மறையாக்க முறைகளான எஸ்எஸ்எல் 2, எஸ்எஸ்எல் 3, டிஎல்எஸ் 1.0. இவற்றில் எஸ்எஸ்எல் 3-ஐ 2015-இலும், டிஎல்எஸ் 1.0-ஐ 2021-இலும் இணையத் தர அமைப்பு முறைப்படி ஒதுக்கிவிட்டது. இப்போது புழங்குவது 2008-இல் வந்த டிஎல்எஸ் 1.2-உம் 2018-இல் வந்த 1.3-உம். எனவே இரு பக்கமும் கைகுலுக்கும் முன்பே இணைப்பு அறுந்துவிடுகிறது. உலாவிக்கோ அதைச் சரியாகச் சொல்லவும் தெரியவில்லை.

தீர்வு, நடுவில் ஒரு பிராக்ஸியை, அதாவது இடைத்தரகர் நிரலை, வைப்பது. வெப்ஒன் என்ற இலவச நிரலை உங்கள் இன்றைய கணினியில் ஓடவிடுங்கள். விண்டோஸ் 98-இன் உலாவி அதனிடம் மறையாக்கம் இல்லாமல் பேசும், அது வெளித் தளத்திடம் டிஎல்எஸ்ஸில் பேசும். எக்ஸ்ப்ளோரரின் இணைப்பு அமைப்பில் பிராக்ஸி முகவரியாக 10.0.2.2, போர்ட் 8080 என்று கொடுங்கள். ஸ்லிர்ப்பில் 10.0.2.2 என்பது உங்கள் சொந்தக் கணினியையே குறிக்கும்.

இணைப்பு வந்துவிட்டால் மட்டும் எல்லாத் தளமும் அழகாகத் தெரிந்துவிடாது. இன்றைய ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் எக்ஸ்ப்ளோரர் 5-க்குப் புரியாது. பிரௌசர்விஸ் என்ற நிரல் பக்கத்தை உங்கள் கணினியில் வரைந்து, படமாக மட்டும் பழைய உலாவிக்கு அனுப்புகிறது. வங்கித் தளம்கூடத் தெரியும், ஆனால் அதற்காக விண்டோஸ் 98-ஐத் திறப்பதில் பொருளில்லை. எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை. பழைய உலாவியில் பழைய பக்கங்களைப் பார்ப்பதுதான் இதன் இன்பம்.

பழைய தமிழ்த் தளங்களை அன்று தெரிந்தபடியே பார்க்க முடியுமா?

முடியும். இதற்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

வேபேக்பிராக்ஸி என்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் ஒரு தேதியை வைத்துவிட்டால், நீங்கள் தட்டும் எந்த முகவரிக்கும் இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினிலிருந்து அந்தத் தேதியை ஒட்டிய பக்கத்தை எடுத்துத் தரும். வேபேக் மெஷினிடம் 1996 முதலான பக்கங்கள் இருக்கின்றன. தேதியை 2001 என்று வைத்து, அந்தக் காலத்தில் இருந்த ஒரு தமிழ்த் தளத்தின் முகவரியைத் தட்டுங்கள்.

முதலில் கிறுக்கல்தான் வரும். அந்தக் கிறுக்கலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. டிஸ்கி என்ற அந்தக் காலத் தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய 'தமிழ்' என்ற சொல் ஐரோப்பிய எழுத்துருவில் நான்கு குறிகளாகத் தெரியும்: முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ஏ, அமெரிக்க சென்ட் குறி, கோடு போட்ட சின்ன யூ. முக்கால் இருக்கும் இடத்தில் த, ஏ இருக்கும் இடத்தில் ம, சென்ட் இடத்தில் இகரக் கொம்பு, யூ இடத்தில் ழ். ஆங்கில எழுத்துகளை முதல் 128 இடங்களில் அப்படியே விட்டுவிட்டு, மீதி 128 இடங்களில் தமிழை உட்கார வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும்: 'கெ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க. அதனால் உலாவிக்குத் தமிழைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. எழுத்துரு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்கி எழுத்துரு ஒன்றை கன்ட்ரோல் பேனலின் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையில் போடுங்கள். எக்ஸ்ப்ளோரரின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ஃபாண்ட்ஸ் பொத்தானை அழுத்தி, 'யூசர் டிஃபைன்ட்' என்ற எழுத்து வகைக்கு அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வியூ மெனுவில் என்கோடிங்கையும் 'யூசர் டிஃபைன்ட்' என்று மாற்றுங்கள். குறிகள் அனைத்தும் ஒரே நொடியில் தமிழாக மாறும். நடுவில் உள்ள பிராக்ஸியில் குறியாக்கத்தை மாற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்தப் பைட்டுகளை யாரும் தொடக் கூடாது.

டிஸ்கி மட்டும்தான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டி தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. இதழ்களும் நாளேடுகளும் இவற்றுக்கு வெளியே தத்தமக்கென்று எழுத்துரு வைத்திருந்தன. ஒரு தளத்தின் எழுத்துருவில் இன்னொரு தளம் தெரியாது. அந்தத் தளத்திலேயே 'எழுத்துருவைப் பதிவிறக்க' என்று ஓர் இணைப்பு இருக்கும். காப்பகம் அந்தக் கோப்பையும் சேமித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. எக்ஸ்ப்ளோரருக்கான அந்த இஓடி கோப்புகளுக்குள் 'இன்ன முகவரியில் மட்டும் வேலை செய்' என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கும். காப்பகத்தின் முகவரியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் முகவரி பொருந்தாமல் எழுத்துரு ஏறாது. வேபேக்பிராக்ஸி அசல் முகவரியிலேயே பக்கத்தைக் கொடுப்பதால் பொருந்தும். பழைய உலாவி, பழைய இயங்குதளம், அசல் முகவரி, காப்பகத்தில் எழுத்துருக் கோப்பு, இந்த நான்கும் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் தெரியும். வெறும் உலாவி நீட்டிப்பால் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் எமுலேட்டரை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக்கும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் டிஸ்கி மின்னூல்களைப் படித்துப் பழகுங்கள். அவை யூனிகோடிலும் இருப்பதால் இரண்டையும் அருகருகே வைத்து எழுத்துரு சரியாக அமைந்ததா என்று சோதிக்கலாம்.

யூனிகோடு தமிழ் விண்டோஸ் 98-இல் தெரியுமா?

அதை எதிர்பார்க்க வேண்டாம். கட்டங்கள்தான் வரும். மைக்ரோசாஃப்ட் தமிழ் யூனிகோடு ஆதரவையும் லதா எழுத்துருவையும் கொடுத்தது விண்டோஸ் 2000-இல்.

கோப்புகளை உள்ளே கொண்டுபோவது எப்படி?

விண்டோஸின் கோப்புப் பகிர்வை நம்ப வேண்டாம். 98-க்குத் தெரிந்த எஸ்எம்பி 1 நெறிமுறையை விண்டோஸ் 10, 2017-இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து இயல்பாக நிறுவுவதில்லை. அதை மீண்டும் இயக்கினால் உங்கள் உண்மையான கணினிக்குத்தான் ஆபத்து.

உங்கள் கணினியில் பைத்தான் இருந்தால் அதிலேயே ஒரு குட்டி வலைச் சேவையகம் உண்டு. கோப்புகள் உள்ள இடத்தில் அதை 8000 போர்ட்டில் ஓடவிட்டு, விண்டோஸ் 98-இல் 10.0.2.2:8000 என்று திறந்தால் பட்டியல் வரும், சொடுக்கி இறக்கிக்கொள்ளலாம். பிராக்ஸி அமைத்திருந்தால் இந்த முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இணைப்பே இன்னும் வராத நிலையில் என்றால், கோப்புகளை ஐஎஸ்ஓ என்ற குறுந்தகட்டுப் படக் கோப்பாக மாற்றிக் குறுந்தகடாகச் செருகுவதுதான் வழி.

வேறு என்னவெல்லாம் இன்றும் வேலை செய்யும்?

ஐஆர்சி அரட்டை, டெல்நெட்டில் எட்டும் பிபிஎஸ் அறிவிப்புப் பலகைகள், வலைக்கு முந்தைய பட்டியல் சேவையான கோஃபர், மறையாக்கம் கேட்காத யூஸ்நெட் கலந்துரையாடல் சேவையகங்கள். எக்ஸ்ப்ளோரர் 5 கோஃபர் முகவரிகளை நேரடியாகவே திறக்கும். மின்னஞ்சலுக்கு, மறையாக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் எஸ்டனல் போன்ற ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். யாஹூ மெசஞ்சர் 2018-இலும் ஐசிக்யூ 2024-இலும் மூடப்பட்டன. எம்எஸ்என் மெசஞ்சருக்கு எஸ்கார்கோ என்ற ஆர்வலர் சேவையகம் உயிர் கொடுத்திருக்கிறது.

இரண்டு எமுலேட்டர்களை இணைத்து லேன் விளையாட்டு ஆட முடியுமா?

ஸ்லிர்ப்பில் முடியாது. ஒவ்வொரு எமுலேட்டரும் தன் சொந்த ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறது, ஒன்றையொன்று பார்க்காது. இரண்டுக்கும் பிகேப் கொடுங்கள், லினக்ஸில் என்றால் விடிஇ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கருவி. ஐபிஎக்ஸ் என்ற பழைய நெட்வொர்க் நெறிமுறையைக் கேட்கும் விளையாட்டுகளுக்கு அந்த நெறிமுறையை நெட்வொர்க் அமைப்பில் சேர்க்க வேண்டும், அது குறுந்தகட்டிலேயே இருக்கிறது.

இது பாதுகாப்பானதா?

ஸ்லிர்ப்பில், பழைய பக்கங்களைப் படிக்கும் அளவுக்கு, ஆம். எந்தக் கடவுச்சொல்லையும் உள்ளே தட்டாதீர்கள். பிராக்ஸியைத் தாண்டும் வரை அது திறந்த எழுத்தாகத்தான் போகிறது.

பிகேப்பில் கவனம் தேவை. விண்டோஸ் 95, 98 கோப்புப் பகிர்வில் 2000 அக்டோபரில் ஒரு ஓட்டை வெளியானது. வந்த கடவுச்சொல் எத்தனை எழுத்தோ அத்தனை எழுத்தை மட்டுமே சேவையகம் ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் எழுத்தைச் சரியாக ஊகித்தால் கதவு திறந்துவிடும். திருத்தம் வந்தது, ஆனால் குறுந்தகட்டிலிருந்து புதிதாக நிறுவிய உங்கள் பிரதியில் அது இருக்காது. கோப்புப் பகிர்வை நீக்கிவிடுங்கள்.

சட்டப்படி சரியா?

விண்டோஸ் 98-இன் உரிமை இன்னும் மைக்ரோசாஃப்ட்டிடம்தான் இருக்கிறது. விற்பனை நின்றுவிட்டது என்பதால் அது இலவசமாகிவிடவில்லை. பழைய குறுந்தகடும் சாவி எண்ணும் வீட்டு அலமாரியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 86பாக்ஸ் திறந்த மூல நிரல், ஆனால் அதற்குத் தேவையான பயாஸ் கோப்புகளுக்கு (மதர்போர்டுகளில் இருந்த தொடக்க நிரலின் நகல்கள்) அவற்றின் நிறுவனங்களே உரிமையாளர்கள்.

ஒருமுறை எல்லாம் அமைந்த பிறகு அதைப் பாதுகாப்பது எப்படி?

86பாக்ஸில் ஓடும் நிலையைச் சேமிக்கும் வசதி இல்லை. விண்டோஸை முறையாக அணைத்து, ஹார்டு டிஸ்க் படக் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். மூன்று கட்டங்களில் நகல் வையுங்கள்: வெறும் விண்டோஸ் நிறுவியதும் ஒன்று, நெட்வொர்க் சரியானதும் ஒன்று, தமிழ் எழுத்துருக்கள் அமைந்ததும் ஒன்று. சுருக்கினால் ஒவ்வொன்றும் சில நூறு எம்பிதான் வரும். தேடிப் பிடித்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் படக் கோப்புக்கு வெளியேயும், எந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 98-ஐ இன்னொரு முறை நிறுவிக்கொள்ளலாம், அந்தக் கோப்புகள் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.